வீதக் கணக்கு தப்புகிறதா? மிஞ்சி நிற்கும் அலகைப் பாருங்கள்

வீதக் கணக்கில், அதாவது "மணிக்கு இத்தனை கி.மீ.", "லிட்டருக்கு இத்தனை கி.மீ." என்று வரும் கணக்கில், தவறு பெரும்பாலும் பெருக்கல் வாய்ப்பாட்டில் நேர்வதில்லை. எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் நேர்கிறது. அந்தத் தீர்மானத்தை ஊகத்துக்கு விடாமல் அலகுகளிடமே ஒப்படைத்துவிடலாம். ஒவ்வோர் எண்ணோடும் அதன் அலகைச் சேர்த்தே எழுதுங்கள். பின்னக் கோட்டுக்கு மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் வரும் அலகை அடித்துவிடுங்கள். கேள்வி கேட்ட அலகு மட்டும் கடைசியில் நிற்க வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று. ஒரு பம்பு 4 நிமிடத்தில் 50 லிட்டர் இறைக்கிறது. 1,500 லிட்டர் கொள்ளும் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

1,500 லிட்டர் × (4 நிமிடம் / 50 லிட்டர்) = 120 நிமிடம்

மேலே இருந்த லிட்டரும் கீழே இருந்த லிட்டரும் அடிபட்டன, நிமிடம் மிஞ்சியது. இந்தப் பம்பைப் பொறுத்தவரை 4 நிமிடமும் 50 லிட்டரும் ஒன்றுக்கொன்று ஈடு. அதனால் அந்தப் பின்னத்தை எப்படிக் கவிழ்த்தும் எழுதலாம்: 4 நிமிடம் / 50 லிட்டர், அல்லது 50 லிட்டர் / 4 நிமிடம். இரண்டும் உண்மை. எதைப் பயன்படுத்துவது என்பதை, அடிபட வேண்டிய அலகு எங்கே நிற்கிறது என்பது முடிவு செய்கிறது.

கணக்கு தப்பும்போதுதான் இந்த முறையின் முழுப் பயனும் தெரியும். அதே கணக்கை வெறும் எண்களால் தலைகீழாகப் போட்டால் 18,750 என்று வரும். அந்த எண் எதையும் சொல்லாது. அலகோடு போட்டிருந்தால் "18,750 லிட்டர்² / நிமிடம்" என்று வந்திருக்கும். எந்தப் பின்னம் கவிழ்ந்து கிடக்கிறது என்பதை அந்த லிட்டர்² காட்டிக்கொடுக்கிறது. கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் இப்படிப்பட்ட அறிகுறிகள்தான். உங்கள் கணக்கில் எது நேர்கிறதோ அதற்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: எந்த எண்ணில் தொடங்குவது என்றே தெரியவில்லை

கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். விடையின் அலகைத் தாளின் வலது ஓரத்தில் எழுதி வையுங்கள். அது லிட்டர், நிமிடம், கி.மீ. போன்ற தனி அலகு என்றால், கொடுத்தவற்றில் தனி அலகோடு நிற்கும் அளவில் தொடங்குங்கள். விடையே ஒரு வீதம் என்றால் (கி.மீ./லிட்டர் போல), ஒரு வீதத்தில் தொடங்குங்கள், வீதம் எதுவும் கொடுக்கப்படவில்லையென்றால் இரண்டு அளவுகளை மேலும் கீழுமாக வைத்து நீங்களே ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

"காலை 8 மணிக்கு 40 பேரோடு புறப்பட்ட பேருந்து மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 3 மணி நேரம் ஓடுகிறது. லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும். எத்தனை லிட்டர் டீசல் செலவாகும்?" இதில் ஐந்து எண்கள் இருக்கின்றன. கேட்டது லிட்டர். வீதமாக இல்லாமல் தனியாக நிற்பவை 8 மணி, 40 பேர், 3 மணி நேரம். 40 பேரை அடிக்கக் கீழே "பேர்" உள்ள பின்னம் எதுவுமில்லை. ஆகவே அது கணக்குக்கு வேண்டாத எண். 8 மணி என்பது கடிகாரம் காட்டும் நேரம். ஓடிய கால அளவு அல்ல.

3 மணிநேரம் × (50 கி.மீ. / 1 மணிநேரம்) × (1 லிட்டர் / 4 கி.மீ.) = 37.5 லிட்டர்

கால அளவை எப்போதும் "மணிநேரம்" என்றே எழுதுங்கள். "மணி" என்று மட்டும் எழுதினால் கடிகாரத்தின் 8 மணியும் வேகத்தின் கீழே நிற்கும் மணியும் ஒன்றுபோலத் தெரியும். கை தானாக இரண்டையும் அடித்துவிடும். ஒரே வாக்கியத்தில் "8 மணிக்கு", "மணிக்கு 50 கி.மீ." என்று இரண்டு "மணிக்கு" வருவது தமிழில் வெகு இயல்பு. முதலாவது எப்போது என்கிறது, இரண்டாவது எவ்வளவுக்கு எவ்வளவு என்கிறது.

அறிகுறி: அலகு அடிபடாமல் வர்க்கமாகிவிடுகிறது

லிட்டர்², கி.மீ.², மணிநேரம்² என்று ஏதாவது மிஞ்சினால் பின்னம் ஒன்று கவிழ்ந்திருக்கிறது. வர்க்கமாகி நிற்கும் அலகு எந்தப் பின்னத்தில் இருக்கிறதோ அதைத் திருப்பிப் போட்டு மறுபடி பெருக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பரப்பு கேட்காத கணக்கில் வர்க்க அலகு வந்தால் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

திருத்துவது எளிது. ஆனால் இது திரும்பத் திரும்ப நேர்கிறதென்றால் காரணம் நம் மொழியின் சொல்வரிசை. "மணிக்கு 60 கி.மீ." என்று சொல்லும்போது கீழே போக வேண்டிய அலகு முதலில் வருகிறது, மேலே போக வேண்டியது பின்னால் வருகிறது. காதில் விழுந்த வரிசையில் மேலிருந்து கீழாக எழுதினால் மணிநேரம் மேலே ஏறிவிடும். "நிமிடத்துக்கு 20 பக்கம்", "லிட்டருக்கு 15 கி.மீ.", "ஆளுக்கு 2 மீட்டர்" எல்லாம் இதே அமைப்பு.

இதற்கு மொழியிலேயே மருந்தும் இருக்கிறது. "கு" என்ற உருபு எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறதோ அந்தச் சொல் கீழே போகும். மணிக்கு என்றால் மணிநேரம் கீழே. லிட்டருக்கு என்றால் லிட்டர் கீழே. கேள்வியைப் படிக்கும்போதே "கு" வரும் சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். "3 மணி நேரத்தில் 150 கி.மீ." என்று "இல்" உருபோடு வந்தாலும் இதே கதிதான்: உருபு ஏற்ற சொல் கீழே. "தலா" என்று வந்தால் கீழே போகும் சொல் அதற்கு முன்னால் இருக்கும்: "6 பேருக்குத் தலா 3 மீட்டர் துணி" என்றால் 3 மீட்டர் / 1 பேர்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள். "அடுத்த ஊருக்கு 12 கி.மீ." என்பதில் உள்ள "கு" போகும் திசையைச் சொல்கிறது, வீதத்தை அல்ல. சந்தேகம் வந்தால் "ஒவ்வொரு" என்ற சொல்லை முன்னால் சேர்த்துப் பாருங்கள். "ஒவ்வொரு மணிநேரத்துக்கும் 60 கி.மீ." பொருள் தருகிறது. "ஒவ்வொரு ஊருக்கும் 12 கி.மீ." என்பது கேள்வி சொன்ன பொருள் அல்ல.

அறிகுறி: கேட்டது கி.மீ./லிட்டர், கிடைத்தது லிட்டர்/கி.மீ.

இங்கே எதையும் அழிக்க வேண்டாம்; கிடைத்த விடையின் தலைகீழை எடுத்தால் போதும். 0.08 லிட்டர்/கி.மீ. என்றால் 1 ÷ 0.08 = 12.5 கி.மீ./லிட்டர். எண்ணையும் அலகையும் ஒருசேரத் திருப்புங்கள். அலகின் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டு எண்ணை அப்படியே விடுவது அடிக்கடி காணும் தவறு.

பல நாடுகளில் வண்டியின் எரிபொருள் செலவை "100 கி.மீ.க்கு 6 லிட்டர்" என்று குறிப்பிடுவார்கள். அந்த 100 அலகின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டு 350 கி.மீ. × 6 என்று போட்டால் 2,100 லிட்டர் வரும். (6 லிட்டர் / 100 கி.மீ.) என்று முழுதாக எழுதியிருந்தால் 21 லிட்டர்.

அறிகுறி: மணிநேரமும் நிமிடமும் இரண்டுமே அடிபடாமல் நிற்கின்றன

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் 25 நிமிடம் ஓடினால் எவ்வளவு தூரம்? பெருக்கினால் 1,800 கி.மீ.·நிமிடம் / மணிநேரம் என்று வருகிறது. விடை தவறில்லை, முடியவில்லை, அவ்வளவுதான். நிமிடம் மேலே நிற்கிறது, மணிநேரம் கீழே நிற்கிறது. இரண்டையும் அடிக்கக்கூடிய பின்னம் ஒன்றே ஒன்று: மணிநேரம் மேலே, நிமிடம் கீழே.

72 கி.மீ./மணிநேரம் × 25 நிமிடம் × (1 மணிநேரம் / 60 நிமிடம்) = 30 கி.மீ.

60 ஆல் பெருக்குவதா வகுப்பதா என்ற பழைய குழப்பம் இத்தோடு ஒழிகிறது. மிஞ்சிய அலகைப் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் அதே அலகை வைத்துப் பின்னம் எழுதினால் 60 தானாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டு அலகுகளை மாற்ற வேண்டியிருந்தால் இரண்டு பின்னங்கள்.

(54 கி.மீ. / 1 மணிநேரம்) × (1,000 மீட்டர் / 1 கி.மீ.) × (1 மணிநேரம் / 3,600 விநாடி) = 15 மீட்டர்/விநாடி

பலர் மனப்பாடமாக வைத்திருக்கும் 5/18 என்பது இந்த 1,000/3,600 சுருங்கியதுதான். மனப்பாடத்தில் உள்ள ஆபத்து, தேர்வு நேரத்தில் அது 18/5 ஆகிவிடுவது. அப்படி ஆனால் 54 கி.மீ. வேகம் விநாடிக்கு 194.4 மீட்டர் என்று வரும். தடுத்து நிறுத்த அலகு எதுவும் அங்கே இருக்காது. 5/18ஐப் பயன்படுத்துங்கள், தவறில்லை; ஆனால் அது எந்தச் சங்கிலியிலிருந்து வந்தது என்பதை ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள்.

மூன்று பின்னங்கள் வரும் கணக்கு செவிலியர் பயிற்சியில் தினமும் வரும். 1,000 மி.லி. திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். சொட்டுக் குழாய் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடும் வகை. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? விடை ஒரு வீதம். மேலே சொட்டு, கீழே நிமிடம் வர வேண்டும். கொடுத்த இரண்டு அளவுகளையும் ஒரு வீதமாக்கித் தொடங்குவோம்.

(1,000 மி.லி. / 8 மணிநேரம்) × (20 சொட்டு / 1 மி.லி.) × (1 மணிநேரம் / 60 நிமிடம்) = 41.67, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு

ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விடும் நுண்சொட்டுக் குழாய் என்றால் மேலே ஒரு 60, கீழே ஒரு 60, எண்களே அடிபட்டுவிடும். அந்தக் குழாயில் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. மணிக்கு 125 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 125 சொட்டு.

அறிகுறி: விடை கிட்டத்தட்ட சரி, ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கிறது

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, நேரத்தைத் தசமமாக எழுதியது. 140 கி.மீ. தூரத்தை 2 மணி 20 நிமிடத்தில் கடந்த வண்டியின் வேகம் என்ன? 140 ÷ 2.20 என்று போட்டால் 63.6 வரும். சரியான விடை 60. நிமிடம் பத்தின் கணக்கில் ஓடுவதில்லை. 20 நிமிடம் என்பது 0.333 மணிநேரம், 0.20 அல்ல. ஒரே அளவுக்கு இரண்டு அலகுகள் இருந்தால் (மணியும் நிமிடமும்) முதலில் சிறிய அலகுக்கு இறக்குங்கள்: 140 நிமிடம்.

(140 கி.மீ. / 140 நிமிடம்) × (60 நிமிடம் / 1 மணிநேரம்) = 60 கி.மீ./மணிநேரம்

விடையிலும் இதே பள்ளம் உண்டு. 2.25 மணிநேரம் என்று வந்தால் அது 2 மணி 15 நிமிடம்.

இரண்டாவது காரணம், ஓரலகு மதிப்பை அவசரமாகச் சுருக்கியது. 3 மணிநேரத்தில் 200 கி.மீ. ஓடும் ரயில் 45 மணிநேரத்தில் எவ்வளவு ஓடும்? முதலில் 200 ÷ 3 = 66.6 என்று எழுதிக்கொண்டு 45 ஆல் பெருக்கினால் 2,997 கி.மீ. வரும். 45 மணிநேரம் × (200 கி.மீ. / 3 மணிநேரம்) என்று வைத்தால் 45ஐ 3 சுருக்கி 15 × 200 = 3,000. ஓரலகு முறை பாடத்தில் "முதலில் ஒன்றுக்குக் கண்டுபிடி" என்று சொல்லித்தருவது புரிந்துகொள்வதற்கு நல்லது. கணக்கைப் போடும்போது வகுத்தலைக் கடைசிவரை தள்ளிப்போடுவதே நல்லது.

அறிகுறி: அலகு சரி, ஆனால் விடை 100 மடங்கோ 1,000 மடங்கோ எகிறுகிறது

பரப்பு, கன அளவு வரும் கணக்குகளை முதலில் சந்தேகப்படுங்கள். 450 செ.மீ. நீளம், 300 செ.மீ. உயரம் உள்ள சுவருக்கு இரண்டு கோட் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர் 10 சதுர மீட்டர் வரும். சுவரின் பரப்பு 1,35,000 செ.மீ.². ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்று நினைத்து 100 ஆல் வகுத்தால் 1,350 சதுர மீட்டர். அறையின் சுவர் ஒரு மைதானம் அளவுக்கு ஆகிவிடும்.

செ.மீ.² என்பது செ.மீ. × செ.மீ. ஒரு பின்னம் அதில் ஒரு செ.மீ.யை மட்டுமே அடிக்கும். இன்னொன்று அப்படியே நிற்கும். ஆகவே மாற்றும் பின்னத்தை இரண்டு முறை எழுத வேண்டும்.

1,35,000 செ.மீ.² × (1 மீ. / 100 செ.மீ.) × (1 மீ. / 100 செ.மீ.) = 13.5 மீ.²

13.5 மீ.² × 2 கோட் × (1 லிட்டர் / (10 மீ.²·கோட்)) = 2.7 லிட்டர்

"கோட்" என்பதையும் ஓர் அலகாகவே வைத்திருப்பதைக் கவனியுங்கள். அதை எழுதாமல் விட்டால் இரண்டாவது கோட்டை மறந்தாலும் அலகு ஒத்துப்போய்விடும்.

கன அளவுக்குப் பின்னம் மூன்று முறை: ஒரு கன மீட்டரில் 10,00,000 கன செ.மீ. இருக்கிறது, அதுவே 1,000 லிட்டர். மழைநீர்க் கணக்குக்கு இதிலிருந்து ஓர் அருமையான குறுக்குவழி கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் மிகச் சரியாக 1 லிட்டர். 80 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை விழுந்தால் 2,000 லிட்டர்.

பரப்பும் கன அளவும் இல்லாத கணக்கில் 1,000 மடங்கு பிசகினால் உங்கள் கையெழுத்தைப் பாருங்கள். "மி" என்பது மில்லி, "மீ" என்பது மீட்டர். இரண்டுக்கும் நடுவே உள்ளது ஒரு சுழி மட்டுமே. "5 கி." என்று எழுதினால் கிராமா கிலோவா என்று அடுத்த வரியில் நீங்களே தடுமாறுவீர்கள். கணக்கின் நடுவே சுருக்கம் வேண்டாம்: மில்லிலிட்டர், மீட்டர், கிராம், கிலோ என்று முழுதாக எழுதப் பழகுங்கள். அரைப் பக்கம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை.

8 மடங்கு பிசகினால் பிட்டையும் பைட்டையும் கலந்திருக்கிறீர்கள். இணைய வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவு மெகாபைட்டில். 1,500 மெகாபைட் கோப்பு விநாடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் இறங்க:

1,500 மெகாபைட் × (8 மெகாபிட் / 1 மெகாபைட்) × (1 விநாடி / 40 மெகாபிட்) = 300 விநாடி

அறிகுறி: எல்லா அலகும் ஒழுங்காக அடிபட்டது, விடை மட்டும் தவறு

இதுதான் கடினமான வகை. அலகு ஒத்துப்போவது சரியான விடைக்குத் தேவையான நிபந்தனை. ஆனால் அது மட்டும் போதாது. நான்கு இடங்களில் அது ஏமாற்றும்.

ஒன்று, இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே அலகு. செறிவான திரவம் 1 பங்குக்கு நீர் 4 பங்கு கலக்க வேண்டும். 20 லிட்டர் கரைசல் தயாரிக்க எவ்வளவு செறிவு வேண்டும்? 20 லிட்டர் × (1 லிட்டர் / 4 லிட்டர்) = 5 லிட்டர் என்று போட்டால் அலகு வாயே திறக்காது. லிட்டரோடு பொருளின் பெயரையும் ஒட்டிவிடுங்கள். 20 லி.கரைசல் × (1 லி.செறிவு / 4 லி.நீர்) என்று எழுதிய கணமே கரைசல் அடிபடாது என்பது தெரிகிறது. 1 செறிவும் 4 நீரும் சேர்ந்து 5 லி.கரைசல், பின்னம் 1 லி.செறிவு / 5 லி.கரைசல். விடை 4 லிட்டர்.

இரண்டு, வீதமே அல்லாத ஒன்றை வீதமாக நினைப்பது. 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 4 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? 4 பேர் × (10 நாள் / 6 பேர்) = 6.67 நாள். அலகு சுத்தமாக நாளில் வந்து நிற்கிறது. ஆனால் ஆள் குறைந்தால் நாளும் குறைகிறது என்கிறது விடை. இதைப் பிடிக்க ஒரு சோதனை போதும்: பின்னத்தின் இரண்டு எண்களையும் இரட்டித்துப் பாருங்கள். "4 நிமிடத்தில் 50 லிட்டர் என்றால் 8 நிமிடத்தில் 100 லிட்டர்" உண்மை, அது வீதம். "6 பேருக்கு 10 நாள் என்றால் 12 பேருக்கு 20 நாள்" பொய்; அது வீதம் அல்ல, அதைப் பின்னமாகவே எழுதக் கூடாது. எதிர் விகிதத்தில் இரண்டையும் பெருக்குங்கள்: 6 ஆள் × 10 நாள் = 60 ஆள்-நாள். அதை 4 ஆளால் வகுத்தால் ஆள் அடிபட்டு 15 நாள்.

இந்த இரட்டிப்புச் சோதனை வேறு சிலவற்றையும் பிடிக்கும். அச்சு இயந்திரம் சூடாக 30 விநாடி எடுத்துக்கொண்டு பிறகு நிமிடத்துக்கு 20 பக்கம் தள்ளினால், 10 பக்கத்துக்கு 60 விநாடி, 20 பக்கத்துக்கு 90 விநாடி, 120 அல்ல. ஒருமுறை மட்டும் ஆகும் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் வீதமாகப் போட்டு, கடைசியில் கூட்ட வேண்டும். 10 டிகிரி செல்சியஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட். 20 டிகிரி செல்சியஸோ 68. வெப்பநிலையை அலகு அடித்து மாற்ற முடியாது. வெப்பநிலை வேறுபாட்டை மட்டும் மாற்றலாம்: 10 செல்சியஸ் டிகிரி உயர்ந்தால் 18 ஃபாரன்ஹீட் டிகிரி உயர்வு.

மூன்று, வீதங்களுக்குச் சராசரி எடுப்பது. 120 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் 50 அல்ல. போக 2 மணிநேரம், வர 3 மணிநேரம், 240 கி.மீ. / 5 மணிநேரம் = 48. மெதுவாக ஓடிய பகுதி அதிக நேரம் பிடித்ததால் அதன் பாரம் கூடுதல். சராசரி வீதம் கேட்டால் மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள்.

நான்கு, தலைகீழான வீதங்களைக் கூட்டுவது. ஒரு குழாய் தொட்டியை 6 மணிநேரத்தில் நிரப்பும், மற்றொன்று 3 மணிநேரத்தில். 6 + 3 = 9 மணிநேரம்/தொட்டி என்றால் அலகு ஒத்துப்போகிறது; ஆனால் இரண்டு குழாய் திறந்தால் நேரம் கூடுமா? ஒரே நேரத்தில் நடப்பவற்றைக் கூட்ட வேண்டுமானால் நேரம் கீழே இருக்க வேண்டும். 1/6 + 1/3 = 1/2 தொட்டி/மணிநேரம்; ஆகவே 2 மணிநேரம்.

அறிகுறி: நடுவில் கூட்டலோ கழித்தலோ வந்த பிறகு கணக்கு தடம் புரள்கிறது

பெருக்கும்போது எந்த அலகும் எந்த அலகோடும் சேரலாம். கூட்டும்போதும் கழிக்கும்போதும் இரு பக்கமும் ஒரே அலகு இருந்தே தீர வேண்டும். அதனால் கழித்தல் குறி போடும் முன் இரண்டு அலகுகளையும் வாய்விட்டுப் படியுங்கள்.

இதற்கு வானத்தில் நடந்த கணக்கு ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடா 143 என்ற போயிங் 767 விமானத்தின் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யாததால், தொட்டியில் இருந்ததை அளவுகோலால் அளந்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். 7,682 × 1.77 = 13,597. 22,300 − 13,597 = 8,703. மறுபடி 1.77 ஆல் வகுத்து, சுமார் 4,917 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவானது.

அந்த 1.77இன் அலகு பவுண்டு/லிட்டர். அலகோடு எழுதியிருந்தால் இரண்டாவது வரி "22,300 கிலோ − 13,597 பவுண்டு" என்று வந்து அங்கேயே நின்றிருக்கும். வேண்டியது 0.803 கிலோ/லிட்டர்:

7,682 லிட்டர் × (0.803 கிலோ / 1 லிட்டர்) = 6,169 கிலோ

(22,300 கிலோ − 6,169 கிலோ) × (1 லிட்டர் / 0.803 கிலோ) = சுமார் 20,088 லிட்டர்

தேவையான எரிபொருளில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. நடுவானில் இரண்டு இன்ஜின்களும் நின்றுபோக, விமானி அதைச் சறுக்கியே கொண்டுவந்து கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உயிரிழப்பு எதுவும் இல்லை.

அறிகுறி: அலகை அடித்ததும் எண்ணும் காணாமல் போகிறது

60 நிமிடம் / 15 நிமிடம் என்பதில் அடிபடுவது "நிமிடம்" என்ற சொல் மட்டும். 60/15 அப்படியே இருக்கிறது; அது 4. அலகையும் எண்ணையும் சேர்த்து ஒரே கோட்டில் அடிக்கும் பழக்கம் இருந்தால், அலகுகளைப் பென்சிலாலும் எண்களைப் பேனாவாலும் எழுதிப் பாருங்கள். அலகுகளை அடித்து முடித்த பிறகே எண்களைச் சுருக்கத் தொடங்குங்கள். அதே போல, அடிப்பது எப்போதும் மேலுக்கும் கீழுக்கும் நடுவில்தான். மேலே இரண்டு லிட்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவை லிட்டர்² ஆகும், ஒன்றையொன்று அடிக்காது.

அறிகுறி: விடை 7.2 பேருந்து என்று வருகிறது

கணக்கு சரி, முழு எண்ணாக்குவது மட்டும் பாக்கி. 360 பேர் × (1 பேருந்து / 50 பேர்) = 7.2. எல்லோரும் ஏற வேண்டுமானால் 8. "27 மீட்டர் துணியில் தலா 2.5 மீட்டர் வேண்டிய எத்தனை உடை தைக்கலாம்?" என்றால் 10.8 வரும், அங்கே விடை 10. மேலே தள்ளுவதா கீழே இறக்குவதா என்பதைப் பள்ளியில் படித்த அரைக்கு மேல், அரைக்குக் கீழ் விதி தீர்மானிக்காது. மிஞ்சும் துண்டை என்ன செய்ய முடியும் என்பது தீர்மானிக்கும்.